குடியாத்தத்தில் கிடைத்த ஃபாரஸ்டர்: ஜவ்வாது மலைக்காகப் பழைய வேகன் ஒன்றைத் தயார் செய்த விவரம்

முன்னால் ஷெவர்லே சின்னம். பானெட்டைத் திறந்தால் உள்ளே சுபாரு. இந்தியாவில் சுபாரு கம்பெனி நேரடியாகக் கடை திறந்ததில்லை என்பதால், ஷெவர்லே ஃபாரஸ்டர் சாலையில் போனபோது அது ஜப்பான் வண்டி என்று பலருக்கும் தெரியாமலே போய்விட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1999இல், சுபாருவின் தாய் நிறுவனமான ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் 20 சதவீதப் பங்கு வாங்கியது. அந்த உறவில்தான் இரண்டாம் தலைமுறை ஃபாரஸ்டர் முழு வண்டியாகவே கப்பலில் வந்து, ஷெவர்லே பெயரில் இங்கே விற்றது. 2005 அக்டோபரில் ஜி.எம். அந்தப் பங்கை விற்றுவிட்டது. 2017 இறுதியோடு ஷெவர்லேயும் இந்திய விற்பனையை நிறுத்திக்கொண்டது. இன்று இந்த வண்டியை வைத்திருப்பவருக்குக் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை.

அதனால்தான் விலை மலிவு. அதனாலேயே பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். என் மச்சானுக்காக அப்படி ஒன்றை வாங்கி மலைக்குத் தயார் செய்த கதையை விவரமாக எழுதுகிறேன். இந்தப் பக்கம் பழைய ஃபோர் வீல் வண்டி தேடும் யாருக்காவது உதவும்.

மச்சான் ஜவ்வாது மலைக் கிராமங்களில் சாமை, புளி, தேன் வாங்கி வேலூரில் கொடுப்பவர். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற சாலை நல்ல தார்ச்சாலை. அதற்கு எந்தக் காரும் போதும். சிக்கல் அங்கிருந்து உள்ளே போகும் மண் பாதைகளில். ஒடுகத்தூர் பக்கம் ஏறினால் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை சுற்றியுள்ள குக்கிராமங்களுக்கும் அப்படித்தான். கல், செம்மண், மழை ஓடி அறுத்த வாய்க்கால், அடுத்த வளைவில் செங்குத்தாக ஒரு ஏற்றம். போகும்போது இரண்டு பேர், வரும்போது மூட்டைகள்.

முதலில் ஜிப்ஸிதான் பார்த்தோம். மலைக்கு அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் நல்ல ஜிப்ஸிக்கு இப்போது கேட்கிற விலை வேறு உலகம், மூட்டை வைக்க இடமும் குறைவு. குவாலிஸ் உழைக்கும் வண்டி, ஆனால் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். ஸ்டேஷன் வேகன் என்றால் மாருதி பலேனோ ஆல்ட்டுரா ஒன்று வந்தது. அழகான வண்டி, அதில் முன் சக்கரம் மட்டும். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கிற, பின்னால் சீட்டை மடக்கினால் மூட்டை அடுக்கலாம் என்கிற, ஐந்து லட்சத்துக்குள் முடிகிற வண்டி என்று கணக்குப் போட்டபோது ஃபாரஸ்டர் மட்டும்தான் மிஞ்சியது.

குடியாத்தத்தில் பார்த்தது

வண்டி 2005 மாடல், ஐந்து கியர் மேனுவல், இரண்டு லிட்டர் பெட்ரோல். விற்பவர் கேட்டது ஒன்றே முக்கால் லட்சம். அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அக்டோபரோடு வண்டிக்கு 20 வயது நிறைகிறது, பதிவும் முடிகிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 20 வருடம் தாண்டிய வண்டிகளின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை ஏற்றியது. சாதாரணக் காருக்கு 10,000 ரூபாய். இறக்குமதியான நான்கு சக்கர வண்டிக்கு 80,000, ஜி.எஸ்.டி. தனி. இந்த ஆர்.சி.யில் இறக்குமதி வண்டி என்றே பதிவாகியிருந்தது. ஃபாரஸ்டர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்காமல் ஆர்.சி.யைத் திறக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். எண்பதாயிரம் என்பது விற்பவர் கேட்ட விலையில் கிட்டத்தட்டப் பாதி.

சேஸிஸ் எண் ஜே, எஃப், ஒன்று என்று தொடங்கினால் அது ஜப்பானில் சுபாரு செய்த வண்டி. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டதுதான் அன்று செய்த மிக முக்கியமான வேலை. 'ஷெவர்லே ஃபாரஸ்டர்' என்று கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். சேஸிஸ் எண்ணை வைத்துச் சுபாருவின் பாக அட்டவணையில் தேடினால் ஒவ்வொரு வாஷருக்கும் எண் கிடைக்கிறது. அந்த எண்ணோடு போனால் துபாயிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கூரியரில் வந்து சேர்கிறது. சுங்க வரி உண்டு, காத்திருக்கவும் வேண்டும், ஆனால் பாகம் இல்லாத வண்டி என்று இதைச் சொல்வது சரியில்லை.

2021 நவம்பரில் கவுண்டன்ய ஆற்றில் வந்த வெள்ளம் குடியாத்தத்தில் பல வீடுகளுக்குள் புகுந்தது. அதனால் கார்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பார்த்தோம். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் அந்த மூலைகளில் வண்டல் தங்கிவிடும். இதில் வெறும் தூசிதான். பின் சக்கர வளைவுக்குள் ஷாக் அப்சார்பர் மேலே மாட்டியிருக்கும் தகட்டில் துரு பிடிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். பழைய சுபாருகளில் துரு முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான். சுத்தமாக இருந்தது. ஆனால் பின்பக்கம் உட்கார்ந்திருந்தது, காலி வண்டியே நான்கு மூட்டை ஏற்றினாற்போல.

பேரணாம்பட்டு தாண்டி வீ.கோட்டா போகும் பத்தலபல்லி மலைப்பாதையில் ஏற்றினோம். சுபாருவின் என்ஜின் படுத்த வாக்கில் இருக்கும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நான்கு சிலிண்டரும் எதிரெதிராகக் கிடக்கும். இதில் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் பகுதிக்கும் அதன் மூடிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, பழுதானால் செலவு பெரிது. இந்தப் பழுது அதிகம் வந்தது இரண்டரை லிட்டர் என்ஜினில்தான், இரண்டு லிட்டரில் குறைவு. இருந்தாலும் விடக்கூடாது. மேலே போய் நிறுத்தி, என்ஜின் ஓடும்போதே கூலன்ட் மிச்சம் தங்கும் பிளாஸ்டிக் டேங்கைப் பார்த்தோம். குமிழி தொடர்ந்து வந்தால் வண்டியை விட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். வரவில்லை. வெப்ப முள்ளும் நடுவில் நின்றது.

சிக்கல் இறங்கி வந்தபிறகு தெரிந்தது.

பாய் போட்ட சோதனை

எங்களோடு வந்தவர் ராணிப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பாய். முப்பது வருடத்துக்கு மேல் கை வைத்த அனுபவம். கீழே வந்ததும் ஒரு காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டம் போட்டார். வண்டி தடுக்கித் தடுக்கி, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் நகர்ந்தது. காலையில் இதே வட்டத்தைத் தடுக்கல் இல்லாமல் போட்டிருந்தது.

இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி. அதற்குள் சிலிக்கான் திரவம் நிரம்பிய விஸ்கஸ் கப்ளிங் இருக்கும். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழன்றால் திரவம் சூடாகி இறுகி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். மலையில் அதுதான் நம்மைக் காப்பாற்றுவது. கெட்டுப்போய் எப்போதும் இறுகியே கிடந்தால் கியர்பாக்ஸின் பின்பகுதியைக் கழற்றி மாற்ற வேண்டும். விற்பவருக்கு இது தெரியாது. நாங்கள் அங்கேயே கைகழுவியிருக்கலாம். மச்சான் முகம் தொங்கிப்போயிற்று.

"இரு தம்பி, டயரைப் பாரு மொதல்ல" என்றார் பாய்.

முன்னால் இரண்டும் புது டயர், பள்ளம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். பின்னால் இரண்டும் தேய்ந்து 2 மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. பாய் ஒவ்வொரு டயரிலும் சாக்பீஸால் கோடு போட்டு, தரையிலும் கோடு போட்டு, வண்டியை ஒரே ஒரு சுற்று தள்ளச் சொன்னார். டேப்பில் அளந்தால் முன் டயருக்கும் பின் டயருக்கும் ஒரு சுற்றுக்கு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சுபாருவின் கணக்கு. கால் அங்குலம் என்றால் ஆறு மில்லிமீட்டர் சொச்சம், இங்கே முப்பது. நேர் சாலையில் போகும்போதே முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல, அந்தக் கப்ளிங் போகிற வழியெல்லாம் சூடாகிக்கொண்டே வந்திருக்கிறது.

சரி, அதனால் மட்டும்தானா, இல்லை கப்ளிங்கே போய்விட்டதா? அதைக் கண்டுபிடிக்கப் பாய் செய்தது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. வலது முன் சக்கரத்தைக் கழற்றிப் பின்னாலும், வலது பின் சக்கரத்தை முன்னாலும் மாட்டினார். இப்போது ஒவ்வொரு அச்சிலும் ஒரு புது டயர், ஒரு பழைய டயர். இடது வலது வித்தியாசத்தை முன் டிஃபரன்ஷியலும் பின் டிஃபரன்ஷியலும் பார்த்துக்கொள்ளும். நடுவில் இருப்பதற்கு முன் அச்சின் சராசரியும் பின் அச்சின் சராசரியும் ஒன்றாகிவிடும். நீண்ட தூரம் இப்படி ஓட்டக்கூடாது, சோதனைக்குப் போதும். டீ குடித்துச் சூடு ஆறியபின், மறுபடி பேரணாம்பட்டு வரை போய் வந்து அதே மைதானத்தில் அதே வட்டம். தடுக்கல் இல்லை.

கப்ளிங் உயிரோடு இருக்கிறது. ஒரு ஜாக்கி, ஒரு சாக்பீஸ், ஒரு டேப். ஸ்கேனர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நடுவில் இதேபோல் விஸ்கஸ் கப்ளிங் உள்ள முழுநேர ஃபோர் வீல் வண்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தும். ஆகவேதான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

பதிவுக் கட்டணம், டயர், உட்கார்ந்த பின்பக்கம் மூன்றையும் சொல்லி, ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு முடித்தோம். பெயர் மாற்றம், எஃப்.சி., புகைச் சான்று, பசுமை வரி, புதுப்பிப்பு எல்லாம் வரிசையாக நடந்தன. வண்டியைக் கம்பெனி நிலையிலேயே கொண்டுபோய் நிறுத்தியதால் ஆய்வில் யாரும் எதையும் கேட்கவில்லை.

எதைத் தொட்டோம், எதைத் தொடவில்லை

ஆஃப் ரோடு என்றதும் பலர் உயரம் ஏற்றுவதில்தான் தொடங்குகிறார்கள். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) மேல் ஸ்பேசர் என்ற கட்டை வைத்து இரண்டு அங்குலம் தூக்குவது, முன்னால் இரும்பு பம்பர், கூரையில் விளக்கு வரிசை. எங்களுக்கு அது வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. இரும்பு பம்பர்களை அகற்றச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டத்தை விடுங்கள், இயந்திரமும் அதையே சொல்கிறது. உயரம் ஏற ஏற டிரைவ் ஷாஃப்டின் மூட்டு சாய்வாக நின்று தேயும். சக்கரத்தின் நிற்கும் கோணமும் மாறும். இருபது வயது வண்டிக்கு முதலில் வேண்டியது, அது பிறந்தபோது இருந்த நிலை. எங்கள் காசு முழுக்க அதற்கே போனது.

முதல் வேலை டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லை. பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் அபாயம் உண்டு. தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, எனவே பெல்ட், டென்ஷனர், ஐட்லர் உருளைகள், பம்பு, தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் ஒரே கழற்றலில் போட்டோம். இதில் கவனிக்க வேண்டிய ஓர் இடம்: கிராங்க் பல்சக்கரத்தின் முகத்தில் பளிச்சென்று ஓர் அம்புக்குறி தெரியும். அதை மேலே வைத்து டைமிங் கட்டினால் தப்பு. பல்சக்கரத்தின் பின்விளிம்பில் ஒரு சின்னக் கீறல் இருக்கிறது; அதைத்தான் ஆயில் பம்பில் உள்ள குறியோடு சேர்க்க வேண்டும். பாய் அதைத் துணியால் துடைத்து, வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துக்கொண்டுதான் பெல்ட்டைத் தொட்டார். டென்ஷனர் ஹைட்ராலிக் வகை. அதை வைஸில் நிமிர்த்தி வைத்து, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி, துளை நேருக்கு வந்ததும் மெல்லிய கம்பியைச் செருகிப் பூட்ட வேண்டும். வேகமாக அமுக்கினால் உள்ளே சீல் போய்விடும்.

கூலன்ட் ஊற்றும்போது ரேடியேட்டரின் மேல் மூலையில் உள்ள காற்றுத் திருகைக் கழற்றிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். படுத்த என்ஜினில் காற்று தங்கிவிட்டால், வேலூர் வெயிலில் அதை விட வேறு எதிரி வேண்டாம். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது.

பின்பக்கம் உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இந்தக் காலத்து ஃபாரஸ்டர்கள் பலவற்றில் பின் ஷாக் அப்சார்பர் சுமைக்கு ஏற்பத் தானே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் வகை. ஓட ஓட உள்ளுக்குள் எண்ணெயைப் பம்ப் செய்து தூக்கிக்கொள்ளும். வயதானால் அந்தச் சக்தி போய்விடும். அதே வகை புதிதாக வாங்க விலை மிக அதிகம். சாதாரண வகை போடலாம், ஆனால் ஸ்ட்ரட்டை மட்டும் மாற்றினால் போதாது. அந்தத் தானியங்கி வகைக்குக் கொடுத்த ஸ்பிரிங் மென்மையானது. சாதாரண ஸ்ட்ரட்டோடு அதைச் சேர்த்தால் பின்பக்கம் மறுபடி உட்காரும். ஸ்பிரிங்கும் சேர்த்து வரவழைத்தோம். மாட்டி இறக்கியதும் பின் சக்கர வளைவுக்குள் நான்கு விரல் நுழைந்தது, முன்பு இரண்டுதான் நுழையும். ஒரு ஸ்பேசரும் வைக்காமலே வண்டி உயர்ந்துவிட்டது.

டயர் 215/60 ஆர்16 இருந்த இடத்தில் 215/65 ஆர்16 போட்டோம். டஸ்டருக்கு வந்த அளவு, எங்கும் கிடைக்கும், ஆல் டெரெய்ன் வகையும் உண்டு. விட்டம் சுமார் 21 மில்லிமீட்டர் கூடுவதால் வண்டி பத்து மில்லிமீட்டர் மட்டும் உயரும். ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும். நான்கும் ஒரே பேட்ச். ஸ்டெப்னியும் அதே அளவில் ஐந்தாவதாக வாங்கினோம், ஏனென்றால் மலையில் பஞ்சரானால் வேறு அளவு சக்கரத்தோடு இறங்கி வருவது நான் மேலே சொன்ன அதே வியாதியைக் கூப்பிடுவது.

பெட்ரோல் குழாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி அதற்காகச் செய்ததல்ல. இன்டேக்குக்கு அடியில் இருந்த ரப்பர் குழாய்கள் விரலால் வளைத்தாலே வெடிப்பு காட்டின. எத்தனால் தாங்கும் குழாயாகவும் புது கிளிப்பாகவும் மாற்றினோம். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உள்பக்கச் சி.வி. பூட் (டிரைவ் ஷாஃப்ட் மூட்டை மூடும் ரப்பர் உறை) சூட்டில் வெந்து கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்திருந்தது, அதுவும் மாறியது. பின் வலது சக்கரத்தில் வேகம் ஏற ஏற ஊளைச் சத்தம். பேரிங்கை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றினார் பாய்.

புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று, என்ஜினுக்கு அடியில் ஒரு தகடு. படுத்த என்ஜின் என்பதால் ஆயில் சம்ப்பும் எக்ஸாஸ்ட் குழாயும் கீழேயே தொங்குகின்றன. ராணிப்பேட்டையில் பெல் ஆலைக்கு வேலை செய்து பழகிய பட்டறைகள் இருக்கின்றன. அட்டையில் வெட்டிக் கொடுத்த அளவுக்கு 4 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வளைத்து, ஆயில் மாற்றவும் காற்று போகவும் துளை விட்டுக் கொடுத்தார்கள். வண்டியில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளிலேயே மாட்டியது, எங்கும் வெல்டிங் இல்லை.

மலையில்

பொங்கல் முடிந்து ஒடுகத்தூர் பக்கம் ஏறினோம். காப்புக் காட்டுக்குள் பாதையை விட்டு விலகிப் போவது சட்டப்படி குற்றம், ஆகவே ஊர்க்காரர்கள் போகிற வண்டிப் பாதை மட்டும்தான். செம்மண்ணிலும் கல்லிலும் வேகன் நிதானமாக ஏறியது. டயர் காற்றை 24க்கு இறக்கியதும் கல்லின் குத்தல் பாதியாகக் குறைந்தது.

அதன் எல்லையும் அங்கேயே தெரிந்தது. மழை அறுத்த ஒரு வாய்க்காலைக் குறுக்காகக் கடக்கும்போது வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் சேர்ந்தாற்போல் தூக்கிக்கொண்டன. முன்னும் பின்னும் பூட்டில்லாத டிஃபரன்ஷியல். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றியது. நடு கப்ளிங்கால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பின்வாங்கி, கல் போட்டு, வேறு கோட்டில் கடந்தோம். ஜிப்ஸிக்கு இருப்பதுபோல் இதில் லோ ரேஞ்ச், அதாவது மெதுவாகவும் அதிக இழுவையோடும் ஏற உதவும் தனி கியர், கிடையாது. மூட்டையோடு செங்குத்தில் நின்று கிளம்பினால் கிளட்ச் வாசனை வருகிறது. ஆகவே மச்சானோடு பேசி வைத்த ஒப்பந்தம்: ஏறும்போது சுமை இல்லை, இறங்கும்போது மட்டும் சுமை, அதுவும் ஆறு மூட்டைக்கு மேல் இல்லை, ஏற்றத்தின் நடுவில் நிறுத்துவதில்லை, கீழேயே இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஒரே மூச்சில் ஏறுவது.

"ஜீப்பு இல்லையே, எப்பிடி சாமி ஏறி வந்தீங்க?" என்று கேட்ட பெரியவரின் களத்திலிருந்துதான் முதல் சாமை மூட்டை ஏறியது.

வண்டி விலையும் பதிவுச் செலவும் சேர்ந்து இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஐந்து டயர், ஸ்ட்ரட், ஸ்பிரிங், டைமிங் செட், பேரிங், குழாய்கள், தகடு, கூலி, சுங்க வரி எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றே முக்கால் லட்சம். மைலேஜ் சாலையில் பத்து, மலையில் ஏழு. பெட்ரோல் வண்டிதான், அது ஒரு பாரம்தான். வாரத்துக்கு ஒரு முறை மலையேறும் மச்சானுக்குக் கட்டுப்படியாகிறது, தினமும் ஓட்டுபவருக்கு ஆகாது.

பாக்கி இருப்பது கிளட்ச். தட்டும் பிரஷர் பிளேட்டும் ஜப்பானிலிருந்து கிளம்பிவிட்டன. புளி சீசன் சூடு பிடிப்பதற்குள் கியர்பாக்ஸை இறக்கி மாற்றிவிடலாம் என்கிறார் பாய். இறக்கும்போது கிராங்கின் பின் ஆயில் சீலையும் சேர்த்தே போட்டுவிடச் சொல்லி அதையும் வரவழைத்திருக்கிறோம்.